அகழ்பொருள் நூல்களும் அவற்றின் சொல்லாட்சியும்

செருமானிய அறிஞர் ஆபிரகாம் காட்லோப் வெர்னர் 1774-இல் இலைப்சிக் நகரில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதனைத் தாமஸ் வீவர் என்பார் 1805-இல் ஆங்கிலத்திற் பெயர்த்தபொழுது, 'பாசில்களின் புறவியல்புகள்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். அதே நூலை 1962-இல் மீண்டும் பெயர்த்த ஆல்பர்ட் கரோசி, 'கனிமங்களின் புறவியல்புகள்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். இருவரும் மூலமொழி அறிந்தோரே. இருவரும் பிழை செய்திலர். மூலத்தில் நிற்கும் சொல் ஒன்றே. ஆயினும் இவ்விரு பெயர்ப்புகளுக்கும் இடைப்பட்ட 157 ஆண்டுகளில் அச்சொல் தான் நின்ற இடத்தை விட்டு வேறிடம் சென்று சேர்ந்துவிட்டது.

இலத்தீனில் 'ஃபோதேரே' என்னும் வினை தோண்டுதலைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'ஃபோசிலிஸ்' என்னும் சொல் நிலத்தினின்று அகழ்ந்தெடுக்கப்படும் எதனையும் சுட்டும். உப்பு, கந்தகம், காந்தக்கல், வெள்ளி, களிமண், கல்லாகிய சங்கு ஆகிய அனைத்தும் பதினாறாம் நூற்றாண்டினர்க்கு ஃபோசிலிஸ் என்னும் ஒரு பெயரால் வழங்கின. பண்டை உயிர்களின் எச்சம் என்னும் குறுகிய பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமே நிலைபெற்றது. இவ்வேறுபாட்டைக் கருதாது, பழைய நூற்றலைப்புகளில் வரும் அச்சொல்லைப் 'புதைபடிவம்' என்றோ 'தொல்லுயிர் எச்சம்' என்றோ பெயர்த்தல் பெரும் மயக்கத்திற்கு இடமாகும். இப்பிழையை யானும் செய்துளேன். சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை வகுப்பொன்றில் அகிரிகோலாவின் நூலைப் 'புதைபடிவங்களின் இயல்பு' என்று கூறிச் சென்றேன். நூலின் உட்பிரிவுகளை வரிசைப்படுத்தியபொழுது, 'உப்பும் படிகாரமும் எவ்வுயிரின் எச்சம்?' என்று மாணவர் ஒருவர் வினவினார். விடை கூற இயலாது நின்றபொழுதுதான் தலைப்பையே தவறாகக் கொண்டமை புலனாயிற்று. ஆகலின் இக்கட்டுரையில் அப்பழைய பொருளுக்கு 'அகழ்பொருள்' என்னும் சொல்லையே ஆள்கின்றேன். கனிமம் என்பதும் கனியினின்று, அஃதாவது சுரங்கத்தினின்று, பெறப்படுவது என்னும் பொருட்டே; எனினும் இன்றைய அறிவியல் அச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டமையின் ஈண்டு அது பொருந்தாது.

அகழ்பொருள்களை முறைப்படி வகுக்க முற்பட்ட நூல்கள் பல. அவற்றுள் அகிரிகோலா 1546-இல் வெளியிட்டதும், கெஸ்னர் 1565-இல் வெளியிட்டதும், மேலே கூறிய வெர்னரின் நூலும் ஆகிய மூன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். அறிவியல் வரலாறு எழுதுவோர் இவற்றைப் பெரும்பாலும் 'இன்றைய உண்மையை எத்துணை அணுகின?' என்னும் ஒரே அளவுகோலால் அளப்பர். அவ்வளவையில் முதலாமவர் தந்தை எனப் போற்றப்படுவார். இரண்டாமவர் சிறுபிள்ளைத்தனமாக வகுத்தார் எனப் புறந்தள்ளப்படுவார். மூன்றாமவர் சொற்பட்டியல் தொகுத்த ஆசிரியர் அளவில் நின்றுவிடுவார். இம்மதிப்பீடு நேரிதன்று என்பதே என் கருத்து. இம்மூன்றும் முதற்கண் சொல்லைப் பற்றிய நூல்கள். அவற்றைச் சொல்லாராய்ச்சியாளர் கண்கொண்டு நோக்கினாலன்றி அவற்றின் வலிமையும் மெலிவும் விளங்கா.

முதலில் ஆசிரியர் யாவர் என்பதை நோக்குக. கியோர்க் பவுவர் என்னும் இயற்பெயருடைய அகிரிகோலா 1494-இல் சாக்சனி நாட்டுக் கிளவுகாவ் என்னும் ஊரிற் பிறந்தார். உழவர் என்னும் பொருளுடைய தம் பெயரை, அக்காலக் கற்றோர் வழக்கப்படி இலத்தீனாக்கிக்கொண்டார். சுவிக்காவ் நகரப் பள்ளியிற் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தார். 1520-இல் அவர் வெளியிட்ட முதல் நூல் இலத்தீன் இலக்கண நூலே. பின்னர் இத்தாலி சென்று மருத்துவம் பயின்றார். வெனிசு நகரில் கேலன் என்னும் பண்டை மருத்துவரின் கிரேக்க நூல்களைப் பதிப்பிக்கும் பணியிலும் பங்குகொண்டார். சூரிக் நகரத்துக் கொன்றாட் கெஸ்னரோ 1545-இல், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிகளில் எழுதப்பெற்ற நூல்கள் அனைத்திற்கும் அடைவு தொகுக்க முயன்றவர்; 1555-இல் உலக மொழிகளை ஒப்பிட்டு 'மித்ரிதாத்தஸ்' என்னும் நூலும் இயற்றியவர். இலக்கண ஆசிரியர் ஒருவர், நூலடைவு தொகுத்த மொழியாராய்ச்சியாளர் ஒருவர்: கல்லையும் மண்ணையும் வகுக்க முன்வந்தோர் இத்தகையோர் என்பதைத் தமிழ்த்துறையினர் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

அவர்கள் இத்துறைக்குள் நுழைந்தமைக்குக் காரணமும் சொற்பொருட் சிக்கலே. பிளினி, தியோபிராஸ்டஸ், டயாஸ்கொரிடீஸ் ஆகியோர் நூல்களில் மருந்துக்குரியனவாகப் பல மண்வகைகளும் கல்வகைகளும் கூறப்பட்டுள்ளன. பெயர்கள் எஞ்சின, அப்பெயர்களுக்குரிய பொருள்கள் எவை என்பது மறைந்துபோயிற்று. அகிரிகோலா 1527-இல் யோவாகிம்ஸ்தால் என்னும் வெள்ளிச் சுரங்க நகரில் மருத்துவராக அமர்ந்தார். (அந்நகரில் அடிக்கப்பெற்ற வெள்ளி நாணயத்தின் பெயரே 'தாலர்' எனக் குறுகி, பின்னர் 'டாலர்' எனத் திரிந்தது.) ஆங்குச் சுரங்கத்தொழிலாளரிடையே பழகியபொழுது, நூலிற் பெயராக மட்டும் அறிந்த பொருள்கள் அவர்கள் கையில் வேறு பெயருடன் கிடப்பதைக் கண்டார். 1530-இல் பாசெல் நகரப் புரோபென் அச்சகத்தில், எராசுமசின் முன்மடலுடன் வெளிவந்த 'பெர்மன்னஸ்' என்னும் அவரது உரையாடல் நூல் இக்காட்சியையே வடிக்கின்றது. சுரங்கத்தொழில் அறிந்த பெர்மன்னசும், பழைய நூல்களைக் கற்ற மருத்துவர் இருவரும் சுரங்கப் பகுதியிலே நடந்துகொண்டே உரையாடுகின்றனர். கற்றோர் நூற்பெயரைக் கூறுவர். பெர்மன்னஸ் கல்லைக் காட்டுவார். எப்பெயர் எக்கல்லுக்கு உரியது என்பதே வழக்கு.

இவ்வுரையாடலின் பயன் ஒரு சொல்லில் தெளிவாகும். தாதுவை உருக்கும்பொழுது இளக்கத்திற்காகச் சேர்க்கப்படும் ஒருவகைக் கற்களைச் சுரங்கத்தொழிலாளர் 'ஒழுகுவன' என்னும் பொருள்படும் செருமானியச் சொல்லால் வழங்கினர். பண்டை இலத்தீனில் அதற்குச் சொல் இல்லை. அகிரிகோலா தொழிலாளர் வழக்கையே பொருள்வழி பெயர்த்து 'ஃப்ளுவோரெஸ்' என்று அமைத்தார். இன்றைய ஃப்ளூரைட்டு என்னும் கனிமத்தின் பெயரும், ஃப்ளூரின் என்னும் தனிமத்தின் பெயரும் அவ்வழி வந்தனவே. பெயர் தெரியாத தொழிலாளி ஒருவனின் சொல் தனிமப் பட்டியலில் ஏறிநிற்கும் வரலாறு இது. சாக்சனி நாட்டு ஸ்தோல்பென் என்னுமிடத்துக் கருநிறத் தூண்பாறைக்கு அகிரிகோலா பிளினியின் நூலிலிருந்து எடுத்து வழங்கிய 'பசால்ட்டு' என்னும் பெயரும் நிலைத்துவிட்டது. ஒன்று தொழிலாளர் வாயிலிருந்து ஏட்டுக்கு ஏறியது. மற்றொன்று ஏட்டிலிருந்து பாறைக்கு இறங்கியது. இரண்டும் ஒருவர் கையால் நிகழ்ந்தன.

இனி 1546-ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். 'தே நாத்தூரா ஃபோசிலியம்' எனப் பெயரிய அந்நூல் பத்துப் பகுதிகளையுடையது. வேறு சில நூல்களுடன் ஒரே தொகுதியாகப் பாசெல் நகரில் வெளிவந்தது. இதனை மார்க் சான்சு பேண்டி, சீன் பேண்டி ஆகிய இருவரும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1955-இல் வெளியிட்டனர். அவர்கள் இலத்தீன் தலைப்பை அவ்வாறே நிறுத்தி, 'கனிமவியற் பாடநூல்' என்று பொருள்படும் துணைத்தலைப்பைச் சேர்த்துக்கொண்டமை கவனிக்கத் தக்கது; அவர்களும் சொல்லின் இடர்ப்பாட்டை உணர்ந்தனர் போலும்.

அகிரிகோலாவுக்கு முற்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டினரான ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ், கற்களின் பெயரை இலத்தீன் நெடுங்கணக்கு முறையில் அடுக்கிச் சென்றார். அஃது அகராதி முறை. அகிரிகோலா மேற்கொண்டதோ நிகண்டு முறை. அகராதியில் ஒரு சொல்லின் அண்டைவீட்டார் அதனோடு எழுத்துறவு உடையோர். நிகண்டில் பொருளுறவு உடையோர். எழுத்துறவை விடுத்துப் பொருளுறவைத் தேடவேண்டுமாயின், பொருள்களுக்குள் உறவு என்பது யாது என்னும் வினா எழுந்தே தீரும். இவ்வினாவை எழுப்பியதே அந்நூலின் தலையாய சிறப்பு.

அவர் கண்ட விடையும் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. அகழ்பொருளைத் தனிப்பொருள், கலப்புப்பொருள் என இரண்டாகப் பகுத்தார். தனிப்பொருளை மண், உறைந்த சாறு, கல், மாழை என நான்காக்கினார். நீர்பட்டுச் சேறாவது மண். நீரிற் கரைவது உறைந்த சாறு. நீருக்கும் தீக்கும் எளிதில் இளகாதது கல். தீயில் உருகி மீண்டும் இறுகுவது மாழை. நீர், தீ என்னும் இரண்டைக் கொண்டு எவரும் தம் கையாற் செய்து பார்க்கத்தக்க சோதனையே இப்பகுப்பிற்கு அடிப்படை. நிறம், சுவை, மணம், எடை, வன்மை, ஒளி, வடிவம் ஆகிய பண்புகளை நூலின் முதற்பகுதியிலேயே விரித்துக் கூறி, அவற்றைக் கருவியாகக் கொண்டே பின்னர்ப் பொருள்களை விளக்குகின்றார்.

ஆனால் மேல்தளத்தில் நின்ற இவ்வொழுங்கு கீழ்த்தளத்தில் நெகிழ்கின்றது. மண்வகை கூறுமிடத்து உழவர், குயவர், ஓவியர், மருத்துவர் முதலியோர் பயன்படுத்தும் மண் எனப் பயன்கொள்வார் வழியே பகுக்கின்றார். கல்வகை கூறுமிடத்தோ பொதுக்கல், மணி, பளிங்கு, பாறை எனப் பிரிக்கின்றார். இப்பிரிவில் அழகும் அருமையும் பருமையும் மெருகேற்கும் தன்மையும் ஒருங்கே அளவுகோலாகின்றன. பகுப்பு நெறி இடத்துக்கிடம் மாறுதல் வகைமை நூலுக்குக் குற்றமே. ஆயினும் இக்குற்றம் சோம்பலால் நேர்ந்ததன்று. குயவன் வேறுபடுத்தி அறிந்த மண்ணைக் குறிக்கக் குயவனிடமே சொல் இருந்தது. இருந்த சொற்களை இழக்க மனமில்லாத சொல்லாராய்ச்சியாளர், அவை வந்த வழியையும் உடன்கொணர்ந்தார்.

இதனினும் பெரிய இடறல் வேறுண்டு. ஆம்பர் எனப்படும் ஓர்க்கோலை மரப்பிசினே என்று பிளினி அறிந்திருந்தார். அகிரிகோலா அதனை ஏலாது, நிலக்கீலின் இனமாகிய உறைந்த சாறு என்றே கொண்டார். அதனுள் சிறு பூச்சிகள் அகப்பட்டிருப்பதை உலகம் அன்றே அறியும். முன்னோர் உரையைச் சோதியாது ஏற்கலாகாது என்னும் கொள்கை அவரைப் பலவிடங்களிற் காத்தது. ஈண்டு அதுவே அவரைக் கைவிட்டது. வகுப்பில் ஓரிடம் ஆயத்தமாக இருக்கும்பொழுது, பொருளை அவ்விடத்தில் அமர்த்தும் விருப்பம் கண்முன் நிற்கும் சான்றையும் மறைக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கல்லாகிய மரமும் இலையும் எலும்பும் எவ்வாறு தோன்றின என்பதற்கு, கல்லாக்கும் சாறு ஒன்று ஊறி இறுகுதலே காரணம் என்றார். இஃது இன்றைய விளக்கத்திற்கு முற்றும் அயலானதன்று. ஆயினும் அவ்விளக்கத்தை எல்லாவற்றிற்கும் அவர் கொண்டுசெல்லவில்லை. ஐந்தாம் பகுதியிலே காந்தக்கல்லுக்கும் குருதிக்கல்லுக்கும் அருகே 'அம்மோன் கொம்பு', 'எறிபடைக்கல்', 'சக்கரக்கல்' முதலியவற்றை வைக்கின்றார். இவை முறையே பண்டைக் கடலுயிர்களின் ஓடும், உள்ளுறுப்பும், கடலல்லி என்னும் உயிரின் தண்டுக் கண்ணிகளும் என்பது இன்று நாம் அறிந்தது. அகிரிகோலாவுக்கு அவை வடிவத்தாற் பெயர்பெற்ற கற்களே. கூர்ந்து நோக்கின், இவ்விடத்தில் அவருடைய பெயரீட்டு முறை, பின்வந்த கெஸ்னர் நூல் முழுதும் மேற்கொண்டு ஏச்சுப்பெற்ற அதே ஒப்புமை முறைதான். ஒருவர் செய்யின் அறிவியல் என்றும், மற்றவர் செய்யின் விளையாட்டு என்றும் கூறுதல் நடுநிலையாகாது.

அத்தொகுதியின் இறுதியில் அகிரிகோலா சேர்த்துள்ள இலத்தீன்-செருமானியச் சொற்பட்டியலை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துசெல்வர். என் மதிப்பில் அதுவே அந்நூலின் உயிர்நிலை. தாம் படைத்த இலத்தீன் சொற்கள் கற்றோர்க்கும் விளங்கா என்பதை அறிந்தே, தொழிலாளர் மொழியை அவற்றிற்கு உரையாக அமைத்தார். கற்றோர் மொழிக்குக் கல்லாதோர் மொழி உரையாதல் அக்காலத்திற் பெரும்புதுமை. (அச்சுரங்கங்களிலே வாழ்வனவாக நம்பப்பட்ட பூதங்களையும் அவர் விட்டிலர், 1549-இல் எழுதிய நிலத்தடி உயிர்களைப் பற்றிய நூலில் அவற்றிற்கும் இடமளித்தார். கோபால்ட்டு, நிக்கல் என்னும் இரு மாழைப் பெயர்களும் அத்தகைய பூதப்பெயர்களின் வழிவந்தனவே.)

கெஸ்னரின் நூல் உருவிற் சிறியது. அகழ்பொருள்களின், சிறப்பாகக் கற்கள் மணிகள் ஆகியவற்றின், வடிவும் ஒப்புமையும் பற்றியது என்பதே அதன் தலைப்பு. ஏனையோர் எழுதிய சிறுநூல்களையும் சேர்த்து எட்டு நூல்களின் தொகுதியாக 1565-இல் அவர் அதனை வெளியிட்டார். அத்தொகுதியின் உள்ளடக்கமே அக்காலத்தவர் மனநிலையைக் காட்டும். விவிலியத்திற் கூறப்படும் தலைமைக் குருவின் மார்பணியிலுள்ள பன்னிரு மணிகளைப் பற்றி எபிபானியஸ் எழுதிய பழைய நூல் ஒருபுறம். மனித உடலுக்குள் தோன்றும் கற்களைப் பற்றித் தோர்காவ் நகர மருத்துவர் யோகான் கெந்த்மான் எழுதிய நூல் மறுபுறம். சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த கல்லும், மலையினின்று எடுத்த கல்லும், மறைநூலிற் படித்த கல்லும் ஒரே கட்டில் இணைந்தன. கல் என்னும் ஒரு சொல் கட்டிய கட்டு அது.

கெஸ்னர் தம் நூலை 15 பிரிவாக வகுத்தார். கோடு, கோணம் முதலிய வடிவங்களை ஒத்தன முதலில். விண்பொருள்களை ஒத்தன அடுத்து. பின்னர் நிலப்பொருள்கள், மனிதர் செய்பொருள்கள், மரஞ்செடிகள், அவற்றிற்குப்பின் விலங்கு, பறவை, மீன், பாம்பு, பூச்சி ஆகியவற்றை ஒத்தன என்று செல்கின்றது வரிசை. இதன் குறை வெளிப்படை. கடலல்லித் தண்டின் கண்ணி ஒன்று விண்மீன் வடிவினதாகவும் மற்றொன்று சக்கர வடிவினதாகவும் கிடைக்குமாயின், இந்நெறிப்படி ஒன்று வானத்திற்கும் மற்றொன்று தச்சன் பட்டறைக்கும் சென்றுவிடும். ஓரின உறவு அறுந்துபோகும்.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் கெஸ்னர் செய்த மற்றொன்றைக் குறைகூறுவோர் மறந்துவிடுகின்றனர். அவர் படம் வரைவித்தார். அகழ்பொருள்களைப் பற்றிய அச்சுநூல்களிற் படங்களை முறையாகவும் மிகுதியாகவும் தந்த முதல் நூல் இதுவே. அகிரிகோலாவின் 1546-ஆம் ஆண்டு நூல் எத்துணைச் செறிவாக வருணிப்பினும், படிப்பவர் தம் கையிலுள்ள கல் அதுதானா என்று துணிய வழியில்லை. சொல்லைச் சொல்லாலேயே விளக்கவேண்டியிருந்தது. நூலடைவு தொகுத்தவராகிய கெஸ்னர், ஒரே பொருளுக்கு ஊர்தோறும் மொழிதோறும் வேறு பெயர் வழங்குதலை நன்கு அறிந்தவர். பெயர் வழுவும் இடத்தில் படம் நிற்கும் என்று கண்டார். தம் நூலை முடிந்த முடிபாக அவர் கருதவில்லை. விரிவான நூலுக்கு முன்னோடியாகவே வெளியிட்டு, படங்களையும் கற்களையும் அனுப்புமாறு அறிஞர்களை வேண்டினார். அவ்விரிநூல் எழுதப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே கொள்ளைநோய் அவரைக் கொண்டுசென்றது.

ஒப்புமையை நெறியாகக் கொண்டமையால் ஒரு பயனும் விளைந்தது. கல்லாகிய நண்டை நண்டோடும், கல்லாகிய சங்கைச் சங்கோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் படத்தாலேயே வலுப்பட்டது. ஒப்புமை தற்செயலா, உறவா என்பதற்குக் கெஸ்னர் பொதுவான முடிபு கூறாது விட்டார். விட்டமை நன்று. முடிபு கூறியிருப்பின் அக்கால நிலையில் அது பெரும்பாலும் தவறாகவே இருந்திருக்கும். படங்களும் அம்முடிபுக்கேற்ப வளைந்திருக்கும். அந்நூலிலேயே இன்று நாம் கையாளும் கரிக்கோலின் படமும் உளது. அச்சில் வந்த கரிக்கோற் படங்களுள் அறியப்பட்டவற்றுள் முதலாவது அது. கல்லைப் பற்றிய நூலில் எழுதுகோலுக்கு இடம் எவ்வாறு வந்தது எனின், அதன் உள்ளீடும் நிலத்தினின்று அகழ்ந்ததே.

அத்தொகுதியிலே கெந்த்மான் தம் சேகரிப்புக்கு அமைத்த அட்டவணையும் உண்டு. அதனுடன் 13 இழுப்பறைகள் கொண்ட பேழையின் படமும் காணப்படும். இழுப்பறையின் எண்ணும் அட்டவணையின் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தும். அவருடைய வகைப்பாடு பெரும்பாலும் அகிரிகோலாவைப் பின்பற்றியதே. ஆயினும் சொல், படம் ஆகியவற்றிற்கு மேலாகப் பொருளையே சான்றாக நிறுத்தியது இப்பேழை. நூலிலுள்ள பெயரை ஐயுற்றவர் இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம்.

இதற்குப் பின்னர் இரு நூற்றாண்டு நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவேன். நீல்ஸ் ஸ்டீனோ 1667-இல் சுறாத்தலையை அறுத்தாய்ந்து, 'நாக்குக்கல்' எனப்பட்டவை சுறாவின் பற்களே என்று காட்டினார். 1669-இல் திண்மத்துக்குள் திண்மம் அமையும் முறையை ஆராய்ந்து, எது முன்னர் இறுகியது என்னும் வினாவைத் தொடுத்தார். வடிவத்தை ஒப்பிட்டு நின்ற ஆராய்ச்சி காலத்தை வினவத் தொடங்கியது. கெஸ்னர் படங்களில் உறங்கிய வினா விழித்தது எனலாம். லின்னேயஸ் 1735-இல் இயற்கை முழுவதையும் மூன்று பேரரசாக்கிக் கல்லரசையும் பாறை, தாது, அகழ்பொருள் என்று பகுத்தார். இங்கே அகழ்பொருள் என்னும் சொல் முழுமையின் பெயராக இல்லாது பகுதியின் பெயராகச் சுருங்கியமை நோக்கத்தக்கது. மண்ணும் திரள்கல்லும் கல்லாகிய உயிர்ப்பொருளும் மட்டுமே அதனுள் அடங்கின. செடிகொடிகளுக்கு அவர் அமைத்த இருசொற் பெயர்முறை பெருவெற்றி பெற்றது. கற்களில் அது வேரூன்றவில்லை. செடி விதையால் தன் இனத்தைத் தருகின்றது; கல்லுக்கு அத்தகைய மரபு இல்லை. உறவில்லாதவற்றிற்குக் குடும்பப் பெயர் இடுதல் எங்ஙனம் நிலைபெறும்?

சுவீடன் நாட்டு அக்செல் குரோன்ஸ்டெட் 1758-இல் தம் பெயரின்றி வெளியிட்ட கனிமவியல் நூலில், பொருளின் வேதியல் இயைபையே அளவுகோலாகக் கொண்டார். பாறைகளையும் கல்லாகிய உயிர்ப்பொருள்களையும் நூலின் உடலினின்று நீக்கிப் பின்னிணைப்பிற் சேர்த்தார். சங்கு வடிவக் கல்லும் சுண்ணக்கல்லும் இயைபால் ஒன்றாயின், வடிவத்திற்காக அதனைத் தனியே வைத்தல் கனிமவியலார் பணியன்று என்பதே இதன் உட்கிடை. இருநூறு ஆண்டுகளாக ஒரு பெயரின்கீழ் வாழ்ந்தவை பிரிந்தமைக்கு இப்பின்னிணைப்பைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகக் கொள்ளலாம்.

வெர்னர் எழுதத் தொடங்கியபொழுது நிலைமை இது. அவருக்கு அப்பொழுது ஏறத்தாழ 25 வயது. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே பிரைபெர்க் சுரங்கக் கழகத்தில் ஆசிரியரானார். 1817-இல் இறக்கும்வரை ஆங்கேயே கற்பித்தார். எழுதியது குறைவு; உருவாக்கிய மாணவர் பலர். அம்போல்ட்டு, பூக் முதலிய அறிவியலாரேயன்றிக் கவிஞர் நோவாலிசும் அவர் மாணவரே.

அவர் நூலைச் சொற்பட்டியல் என்று இகழ்வோர் அதன் முன்னுரையிலுள்ள ஒரு வேறுபாட்டைக் கவனியாதோர். கனிமங்களை வகைப்படுத்துதல் வேறு, கையிலுள்ள கனிமத்தை இன்னதென அடையாளம் காணுதல் வேறு என்றார் வெர்னர். வகைப்படுத்துதற்கு உரியது இயைபே என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயின் 1774-இல் இயைபை அறியும் வேதியல் நிறைவுறவில்லை. லவாய்சியரின் தனிமப் பட்டியல் வெளிவந்தது 1789-இலேதான். சுரங்கத்தின் அடியில் விளக்கொளியில் நிற்பவனுக்கு வேதியற் சாலையும் கிட்டாது. அவனுக்குக் கண், கை, மூக்கு, நா, காது ஆகியனவே உள. அவ்வைம்புலன் பட்டறிவை இருவர் ஒரே சொல்லாற் கூறவேண்டும் என்பதே வெர்னரின் வேட்கை. இஃது இலக்கணம் செய்வோன் வேட்கையேயன்றிப் பட்டியல் தொகுப்போன் வேட்கையன்று.

நிறம், துகள்களின் பிணைப்பு, வழவழப்பு, தண்மை, எடை, மணம், சுவை என ஏழு பொதுப்பண்புகளை அவர் வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றன் உட்பிரிவையும் வரையறுத்த சொல்லாற் சுட்டினார். நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெண்மை, சாம்பல், கருமை, நீலம், பசுமை, மஞ்சள், செம்மை, பழுப்பு என்னும் எட்டையும் முதனிறமாக்கி, அவற்றின் சாயல்களுக்கு உலகிலறிந்த பொருள்களைக் கொண்டு பெயரிட்டார். எலுமிச்சை மஞ்சள், புகைச்சாம்பல் என்பன போல்வன எங்கும் விளங்கும். ஆனால் அந்நாட்டுச் சிறுபறவை ஒன்றன் பெயரால் அமைந்த பச்சை அப்பறவையைக் காணாதார்க்கு யாது உணர்த்தும்? நாம் கிளிப்பச்சை என்போம்; பாசிப்பச்சை என்போம். அவை வேறு பச்சைகள். இக்குறையை உணர்ந்தே எடின்பரோ ஓவியர் பேட்ரிக் சைம், வெர்னரின் நிறப்பெயர்களை விரித்து, ஒவ்வொன்றற்கும் வண்ணத்துண்டை ஒட்டி, விலங்கிலும் செடியிலும் கனிமத்திலும் அந்நிறம் காணும் இடத்தையும் குறித்து 1814-இல் ஒரு நூல் வெளியிட்டார். சார்லஸ் டார்வின் பீகிள் கப்பற் பயணத்தில் அதனை உடன்கொண்டு சென்றார். கெஸ்னர் படத்தால் நிரப்பிய இடத்தைச் சைம் வண்ணத்தால் நிரப்பினார். சொல் மட்டும் போதாது என்பது இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது.

வெர்னரின் மெய்யான குறை இதுவன்று. நிறத்தை முதலில் நிறுத்தியதே. செம்மணியும் நீலமணியும் நிறத்தாற் பகைபோல நிற்பினும் கனிமத்தால் ஒன்றே, இரண்டும் குருந்தம். செம்மணியும் ஸ்பினல் எனப்படும் செங்கல்லும் நிறத்தால் இரட்டையர் போல நிற்பினும் கனிமத்தால் வேறு. இங்கிலாந்து மணிமுடியிலே 'கருப்பு இளவரசரின் செம்மணி' எனப் புகழ்பெற்ற கல் ஸ்பினலே. இவ்விரண்டையும் படிக வடிவு கொண்டு 1783-இல் பிரித்துக் காட்டினார் பிரெஞ்சு அறிஞர் ரோமே த லீல். கோணத்தை அளக்கும் கருவி ஒன்று அவருக்குத் துணைநின்றது. அளவை வந்த இடத்தில் வருணனை பின்னிட்டது. வன்மையைக் கூற வெர்னர் வன்மை, நடுத்தரம், மென்மை எனச் சொற்படிகளையே அமைத்திருந்தார். அவர் மாணவரும், அவருக்குப்பின் பிரைபெர்க்கில் அவர் இருக்கையில் அமர்ந்தவருமாகிய பிரீட்ரிக் மோஸ், எது எதனைக் கீறும் என்பதை வைத்துப் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். மாக்கல் 1, வைரம் 10. மாணவர் கண்ட இம்முறை ஆசிரியரின் சொற்படிகளுக்கு இடமின்றிச் செய்துவிட்டது. எனினும் ஒளிர்வு, முறிவு ஆகியவற்றைக் கூறுமிடத்து இன்றும் கனிமவியல் நூல்கள் வெர்னர் வழிவந்த சொல்லாட்சியையே பெரிதும் பின்பற்றுகின்றன. அவற்றை எண்ணாக்குதல் எளிதாயிற்றில்லை.

இனித் தமிழாக்கம் பற்றி ஒன்று. அகிரிகோலாவின் நூற்பெயரை 'அகழ்பொருள்களின் இயல்பு' எனவும், கெஸ்னருடையதை 'அகழ்பொருள்களின் வடிவும் ஒப்புமையும்' எனவும் பெயர்த்தல் தகும். வெர்னருடையதை அவ்வாறே 'அகழ்பொருள்களின் புறவியல்புகள்' என்பதா, கரோசியைப் பின்பற்றிக் 'கனிமங்களின் புறவியல்புகள்' என்பதா என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. நூலினுள் பேசப்படுவன கனிமங்களே. ஆயினும் ஆசிரியர் ஆண்ட சொல் பழஞ்சொல்லே. 1774-இல் அச்சொல் இரு பொருளுக்கும் இடையே நின்றுகொண்டிருந்தது என்பதனை மறைக்காத பெயர்ப்பே எனக்கு உடன்பாடு. ஆகவே முன்னதையே தேர்கின்றேன். பின்னதைத் தேர்வோர் அடிக்குறிப்பில் மூலச் சொல்லைத் தந்துவிடுதல் வேண்டும். அகிரிகோலாவின் இலத்தீன்-செருமானியச் சொற்பட்டியலைத் தொழிற்சொல் தொகுப்பில் ஈடுபட்டுள்ள முதுகலை மாணவர் எவரேனும் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்வாராயின், கற்றோர் சொல்லும் தொழிலாளர் சொல்லும் எவ்வெவ்விடத்தில் பொருந்தின, எவ்வெவ்விடத்தில் பொருந்தாதொழிந்தன என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டலாம்.